காணாமற்போனோர் வழக்குகளும் பதிவேடுகளின் வெளிப்படைத்தன்மையும்: குண்டலப்புலியூர் நிகழ்வை முன்வைத்து

முன்னுரை

ஒருவர் காணாமற்போனார் என்னும் செய்தி காவல் நிலையத்தில் எவ்வாறு பதிவாகிறது என்பதைப் பொறுத்தே அவரைத் தேடும் பணி அமைகிறது. ஊரகப் பகுதிகளில் இப்பதிவு பொதுமக்கள் பார்வைக்கு எட்டாமல் இருப்பதன் விளைவை, விழுப்புரம் மாவட்டத்தில் காணை, கெடார் வட்டாரத்தை ஒட்டிய குண்டலப்புலியூர் நிகழ்வின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

குண்டலப்புலியூர் நிகழ்வு

குண்டலப்புலியூரில் இயங்கிய அன்புஜோதி ஆசிரமத்தில் ஆதரவற்றோரும் மனநலம் குன்றியோரும் தங்கவைக்கப்பட்டிருந்தனர். 2021 டிசம்பரில் அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காண உறவினர் அடுத்த ஆண்டு சென்றபோது, அவர் பெங்களூருவிலுள்ள வேறோர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டதாகக் கூறப்பட்டது. அங்கும் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அதன் தொடர்ச்சியாக 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் ஆய்வு நடத்தினர். உரிய அனுமதியின்றி இல்லம் இயங்கியது தெரியவந்தது. 100-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மேலும் சிலர் காணாமற்போனதாகவும், தங்கியிருந்தோர் துன்புறுத்தப்பட்டதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது.

ஒரே ஒருவரைத் தேடிய மனுவே இத்தனை பேரின் நிலையை வெளிக்கொணர்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. தேடி வர உறவினர் இல்லாதோருக்கு அத்தகைய மனுவும் வாய்ப்பதில்லை.

சட்டத்தின் நிலை

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. குழந்தை காணாமற்போனாலும் அவ்வாறே வழக்குப் பதிய வேண்டும் என்று அதே ஆண்டு பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் ஆணையிட்டது. ஆனால் வயதுவந்தவர் காணாமற்போவது தன்னளவில் குற்றமன்று. எனவே முதியோர், மனநோயாளர் தொடர்பான புகார்கள் மனு ஏற்பு ரசீது என்னும் அளவிலேயே நின்றுவிட இடமுண்டு. அந்த ரசீது முதல் தகவல் அறிக்கைக்கு ஈடாகாது.

இவ்விடைவெளியின் ஒரு பகுதியை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நிரப்புகிறது. வீடின்றித் திரியும் மனநோயாளர் கண்டறியப்பட்டால், காணாமற்போனவர் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடித் தகவல் தருவது நிலைய அதிகாரியின் கடமை என அதன் 100-ஆம் பிரிவு கூறுகிறது. தொலைத்தவர் தரும் புகாரும் கண்டெடுத்தவர் தரும் தகவலும் பதிவேட்டில் சந்திக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. பதிவு பெறாத இல்லத்திற்குள் ஒருவர் நேரடியாகக் கொண்டு செல்லப்படின் இச்சந்திப்பு நிகழ்வதே இல்லை.

வெளிப்படைத்தன்மைக்கான வழிகள்

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என 2016-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. பாலியல் குற்றங்கள் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. இவ்வாணை பதிவான அறிக்கைக்கே பொருந்தும். ரசீதோடு நின்ற புகாருக்குப் பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரையும் அதன்பின் நடுவரையும் அணுகலாம். புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தரக் கோருகிறது.

முடிவுரை

சட்ட வழிகள் உள்ளன. அவை புகார் தருபவரின் முயற்சியையே சார்ந்துள்ளன. மாவட்டந்தோறும் இல்லங்களில் தங்கியிருப்போர் பட்டியலும் காணாமற்போனோர் பட்டியலும் குறித்த கால இடைவெளியில் ஒப்பிடப்பட்டு, அதன் முடிவு எண்ணிக்கை அளவிலேனும் வெளியிடப்படுதல் வேண்டும். அப்போதுதான் கேட்க ஆளில்லாதவரும் தேடப்படுபவராவார்.