ப்ளஸ் டூ கணினிப் பாடமும் நமது பைத்துல்மால் பதிவேடும்



அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியை நம்மிடம் கேட்கிறார்கள். "பிள்ளை ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப் படிக்கிறது. பைத்தான் என்கிறது, டேட்டாபேஸ் என்கிறது. இதெல்லாம் எதற்குப் பயன்படும்?" பைத்துல்மால் உதவிப் பதிவேட்டை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றி வருவதால், "எங்கள் குடும்ப விவரம் அதில் பத்திரமாக இருக்குமா?" என்ற கேள்வியும் வருகிறது. இரண்டு கேள்விக்கும் சேர்த்தே இங்கே விளக்கம் எழுதுகிறோம். ஏனென்றால், பிள்ளைகள் படிக்கும் அந்தப் பாடமேதான் நமது பதிவேட்டின் அஸ்திவாரம்.

நோட்டுப் புத்தகம் ஏன் போதவில்லை?

நம் மஹல்லாக்களில் முஹம்மது இஸ்மாயில் எத்தனை பேர், பாத்திமா பீவி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஆளின் பெயர் ரேஷன் அட்டையில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', பள்ளிச் சான்றிதழில் 'மொஹமத்' என்று இருக்கிறது. பெயரை மட்டும் நம்பிப் பட்டியல் போட்டால் ஒரு வீட்டுக்கு இரண்டு முறை உதவி போகும். அதே தெருவில் உள்ள இன்னொரு விதவைச் சகோதரியின் வீடு விடுபட்டுப் போகும். ஜகாத் பணத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

இதற்கு வழி காட்டியது 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்பவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை. விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஓர் எண்ணால் அவற்றை உறவுபடுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். இப்படி அமைவதை உறவுநிலைத் தரவுத்தளம் என்கிறோம். நமது பதிவேட்டில் குடும்பத்துக்கு ஓர் அட்டவணை, உறுப்பினர்களுக்கு ஓர் அட்டவணை, கொடுத்த உதவிக்கு ஓர் அட்டவணை. மூன்றையும் கட்டிவைப்பது குடும்ப எண். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்.கியூ.எல்.

டிரைவர் என்பது யார்?

பைத்தான், பி.எச்.பி. போன்றவை ஸ்கிரிப்டிங் மொழிகள். "இந்த மாதம் உதவி பெறாத குடும்பங்களை எடு, தெருவாரியாகப் பிரி, பட்டியலாக அச்சிடு" என்று வேலையை வரிசையாகச் சொல்ல இவை உதவும். ஆனால் பைத்தானுக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் உள்ளே பேசும் பேச்சு தெரியாது. மைஎஸ்கியூஎல்லுக்கும் பைத்தான் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளருக்குத்தான் கணினிக்காரர்கள் டிரைவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ் ஓட்டுகிற டிரைவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி டிரைவர் உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பேசினால் நிரல் எழுதுபவர் திண்டாடிப்போவார். அதனால் பொது விதிகள் வந்தன. 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஓ.டி.பி.சி. என்ற பொது முறையைக் கொண்டுவந்தது. பைத்தான் சமூகம் 1999-ல் டி.பி. ஏ.பி.ஐ.யின் இரண்டாம் பதிப்பை வகுத்தது. எந்தத் தரவுத்தளமானாலும் இணை, கேள்வியை அனுப்பு, விடையை வாங்கு, உறுதி செய், மூடு என்ற வரிசை மாறாது. ஒன்றில் பழகிய பிள்ளை மற்றொன்றுக்கு எளிதாக மாறிக்கொள்ளலாம்.

பாடநூலில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு அரசின் 12-ஆம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் பைத்தானை எஸ்கியூலைட்டோடு இணைக்கும் பாடம் இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் நூலில் பி.எச்.பி.யை மைஎஸ்கியூஎல்லோடு இணைக்கும் பாடம் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது.

எஸ்கியூலைட் 2000-ல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் உருவாக்கியது. இதற்குச் சர்வர் கிடையாது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்புதான். பைத்தானோடு டிரைவரும் சேர்ந்தே வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். இன்டர்நெட்டும் வேண்டாம். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையில் ஏறி வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் மருத்துவ முகாம் நடத்தினாலும், மடிக்கணினியில் விவரத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

மைஎஸ்கியூஎல் 1995-ல் வந்தது. இது சர்வர் முறை. பல பேர் ஒரே நேரத்தில் பல கணினிகளிலிருந்து எழுதலாம். இதனோடு இணைய டிரைவருக்கு நான்கு விவரம் கொடுக்க வேண்டும்: சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர். பி.எச்.பி.யில் 'மைஎஸ்கியூஎல்ஐ' என்ற டிரைவர் இந்த வேலையைச் செய்கிறது. 'ஐ' இல்லாத பழைய டிரைவரை 2015-ல் வெளிவந்த பி.எச்.பி. 7-லேயே நீக்கிவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துப் பழகும் பிள்ளைகள் "கட்டளையே இல்லை என்கிறது" என்று தவிப்பதற்கு இதுதான் காரணம்.

கவனிக்க வேண்டியவை ஐந்து

ஒன்று, உறுதி செய்தல். நிதிக் கணக்கில் 2,000 ரூபாய் கழிக்க வேண்டும், உதவி அட்டவணையில் அதே 2,000 ரூபாயை எழுத வேண்டும். முதல் வேலை முடிந்ததும் கரண்ட் போய்விட்டால் கணக்கு உதைக்கும். எனவே இரண்டையும் ஒரே கட்டாக அனுப்பி, கடைசியில் 'கமிட்' கொடுக்க வேண்டும். அதற்கு முன் தடை வந்தால் இரண்டுமே நடக்காதது போல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பைத்தானின் எஸ்கியூலைட் டிரைவரில் வழக்கமான அமைப்பில் கமிட் கொடுக்காமல் மூடினால் எழுதியது அழிந்துவிடும். மைஎஸ்கியூஎல்ஐ-யிலோ நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை ஒவ்வொரு கட்டளையும் உடனே பதிவாகிவிடும். அதனால் அங்கே கட்டாக அனுப்புவதை நாமே தொடங்கிவைக்க வேண்டும்.

இரண்டு, பெயரை வாக்கியத்தில் ஒட்டவைக்கக் கூடாது. ஸஅதுல்லாஹ், முஃமின் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி போடுவார்கள். எஸ்.கியூ.எல். மொழியில் அந்தக் குறிக்கு "சொல் இங்கே முடிந்தது" என்று பொருள். பாதிப் பெயரோடு வாக்கியம் உடைந்து பிழை வரும். இதே ஓட்டை வழியாகத்தான் தீய எண்ணம் உள்ளவர்களும் நுழைகிறார்கள். பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கட்டளையை எழுதி முழுப் பட்டியலையும் வெளியே எடுத்துவிட முடியும். தீர்வு எளிது. பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு இடம் விட்டு, பெயரைத் தனியாக டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அப்போது அதில் என்ன எழுதியிருந்தாலும் டிரைவர் அதைப் பெயராக மட்டுமே கொண்டு சேர்க்கும். எஸ்கியூலைட்டிலும் மைஎஸ்கியூஎல்ஐ-யிலும் கேள்விக்குறிதான். பைத்தானுக்கான மைஎஸ்கியூஎல் டிரைவர்களில் சதவீதக் குறியும் அதை ஒட்டி ஆங்கில 'எஸ்' எழுத்தும்.

மூன்று, தமிழ் எழுத்து. யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கும். இணைப்பு ஆங்கில எழுத்துக்கு மட்டுமான முறையில் இருந்தால், "ஆயிஷா" என்று அனுப்பியது வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும். அப்படிப் பதிவான பெயரைத் திரும்ப மீட்க முடியாது. மைஎஸ்கியூஎல்லில் இணைந்த உடனேயே எழுத்து முறையை 'யு.டி.எஃப்.8 எம்.பி.4' என்று சொல்லிவிட வேண்டும். எஸ்கியூலைட்டில் இந்தத் தொல்லை இல்லை, அது யூனிகோடிலேயே சேமிக்கிறது.

நான்கு, உறவு அறுந்துபோகாமல் காப்பது. ஒரு குடும்பத்தின் பதிவை நீக்கினால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் பதிவுகள் யாருடையவை என்று தெரியாமல் அநாதையாக நிற்கும். இதைத் தடுக்கும் காவல் எஸ்கியூலைட்டில் உண்டு. ஆனால் அது பொதுவாக அணைந்த நிலையிலேயே இருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் 'ப்ராக்மா' கட்டளை கொடுத்து அதை எழுப்ப வேண்டும்.

ஐந்து, சாவி யார் கையில்? மாணவர்கள் பழகும் ஸாம்ப் மென்பொருளில் 'ரூட்' என்ற முழு அதிகாரப் பயனருக்கு, நிறுவிய நிலையில் கடவுச்சொல்லே இருக்காது. வீட்டில் பழக அது போதும். உண்மையான பதிவேட்டுக்கு ஆகாது. விவரம் ஏற்றுபவருக்கு ஏற்றும் அதிகாரம் மட்டும், அறிக்கை எடுப்பவருக்குப் படிக்கும் அதிகாரம் மட்டும் எனப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்த நிரலை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பக் கூடாது. எஸ்கியூலைட்டில் கோப்பை ஒருவர் பென்டிரைவில் நகல் எடுத்தாலே மொத்தப் பதிவேடும் அவர் கையில். ஆகவே அந்தக் கணினியையே பூட்டிக் காக்க வேண்டும்.

இது ஏன் அமானிதம்?

உதவி கேட்டு வருகிறவர் பலர் இஷாவுக்குப் பிறகு, கூட்டம் கலைந்த பின் வந்து மெல்லச் சொல்கிறவர்கள். கணவரை இழந்த சகோதரி, கடனில் சிக்கிய வியாபாரி, கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத மாணவி. அவர்கள் பெயர் நாலு பேர் கண்ணில் பட்டால், அடுத்த முறை பட்டினி கிடந்தாலும் அவர்கள் நம் வாசலுக்கு வர மாட்டார்கள். 2023-ல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, ஒருவர் நம்பிச் சொன்னது அமானிதம் என்பதை மதரஸாவில் நாம் படித்திருக்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. எழுதுவதும் கடமை, எழுதியதைக் காப்பதும் கடமை.

ஜமாஅத்தினருக்கு நாம் வேண்டுவது

குடும்ப விவரப் படிவம் வீட்டுக்கு வரும்போது, பெயரை ஆதாரில் உள்ளபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். பழைய உதவி அட்டையில் குடும்ப எண் இருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அந்த எண்தான் உங்கள் வீட்டின் மூன்று அட்டவணைகளையும் சேர்த்துப் பிடிக்கிறது.

ப்ளஸ் டூவில் கணினி படிக்கும் ஆண், பெண் பிள்ளைகளிடம் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். வீட்டு மளிகைக் கணக்கையோ மதரஸா வருகைப் பதிவையோ எஸ்கியூலைட்டில் போட்டுப் பழகச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பாடம் பரீட்சையோடு மறந்துபோகும். கையால் செய்து பார்த்தது பிழைப்புக்கும் உதவும், ஊருக்கும் உதவும். பழகிய பிள்ளைகள் பெற்றோர் அனுமதியோடு அலுவலகத்துக்கு வந்தால், யாருடைய உண்மைப் பெயரும் இல்லாத மாதிரிப் பதிவேட்டில் பயிற்சி கொடுக்க நாம் தயாராக இருக்கிறோம்.

கொடுத்தவரின் ஒரு ரூபாயும் கணக்கிலிருந்து தவறாமல், வாங்கியவரின் மானமும் குலையாமல் இந்தப் பணி நடக்க அனைவரும் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.