சூடேறும் படகு இன்ஜின்: தண்ணீரின் வழியைத் தேடுங்கள்

டீசல் எரியும்போது பிறக்கும் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. லாரியில் அதில் ஒரு பங்கை ரேடியேட்டர் வழியே காற்று வாங்கிக்கொள்ளும். விசைப்படகில் இன்ஜின் இருப்பது அடித்தட்டின் மூடிய அறையில். அங்கே கடல்நீர்தான் துணை.

கடல்நீரை நேராக இன்ஜினுக்குள் ஓடவிட்டால் இரும்பு அரிக்கும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உப்புகள் வேகமாகப் படிந்து வழியை அடைக்கும். அதனால் பல இன்ஜின்களில் இரண்டு சுற்றுகள் உண்டு. உள்சுற்றில் கூலன்ட் கலந்த நன்னீர் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி வெப்பத்தை வாங்குகிறது. தெர்மோஸ்டாட் அதை 80 டிகிரியை ஒட்டி வைத்திருக்கிறது. வெளிச்சுற்றில் கடல்நீர் அடிவால்வு, வடிகட்டி, பம்ப் எனக் கடந்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வருகிறது. மெல்லிய குழாய்களின் உள்ளே ஒரு நீர், வெளியே மற்றொன்று. இரண்டும் கலக்காமலே வெப்பம் கைமாறுகிறது. பிறகு கடல்நீர் புகையோடு சேர்ந்தோ தனிக் குழாய் வழியாகவோ கடலில் கொட்டுகிறது.

கொட்டும் அந்த நீர்தான் முதல் சாட்சி. இன்ஜின் சூடேறினால் வேகத்தைக் குறைத்து, நீர் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். மெலிந்தோ நின்றோ போயிருந்தால் கோளாறு வெளிச்சுற்றில். இன்ஜினை நிறுத்தி, அடிவால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறங்கள். பிளாஸ்டிக் பை, பாசி, சொறிமீன் அடைத்திருக்கலாம். வடிகட்டி சுத்தமென்றால் அடுத்தது பம்பின் ரப்பர் இம்பெல்லர். தண்ணீரில்லாமல் சுற்றினால் சிறிது நேரத்திலேயே அதன் இதழ்கள் கிழியும். கிழிந்த துண்டுகள் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய்ச் சிக்கும். அவற்றைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் மாட்டிப் பயனில்லை.

நீர் தாராளமாகக் கொட்டியும் சூடு குறையவில்லையா? இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அளவு சரியென்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், குழாய்களில் படிவு ஏறியிருக்கலாம். வெளியே கசிவே தெரியாமல் கூலன்ட் அடிக்கடி குறைந்தால் எக்ஸ்சேஞ்சர் உள்ளே ஓட்டையாகியிருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறும் அந்த நாட்களில் எக்ஸ்சேஞ்சரைச் சுத்தம் செய்து, அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்று இம்பெல்லர் ஒன்றும் பெல்ட் ஒன்றும் படகிலேயே இருக்கட்டும். நடுக்கடலில் கடை கிடையாது.