உஷார்! தலையில் அடிபட்ட பிள்ளையை மறுபடி ஐஸில் இறக்காதீர்கள்

ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று டொராண்டோவைச் சுற்றிப் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சீசன் தொடங்கும்போது ஸ்கேட், ஸ்டிக், ஹெல்மெட் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று மட்டும் வீட்டில் பேசி வைப்பதில்லை. ஹெல்மெட்தான் இருக்கிறதே என்ற தைரியம். அந்தத் தைரியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஹெல்மெட் மண்டை உடையாமல் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. வேகமாக வழுக்கிப் போகிறவன் ரிங்கின் பக்கச் சுவரில் மோதிச் சட்டென்று நிற்கும்போது, மண்டையோட்டுக்குள் மூளை முன்னும் பின்னும் ஆடுகிறது, முறுகுகிறது. தலையில்தான் படவேண்டும் என்றுகூட இல்லை. தோளில் வாங்கும் ஒரு பலமான இடியே போதும். கன்கஷன் என்பது இதுதான். வீக்கம் இருக்காது, ரத்தம் வராது, சாதாரண ஸ்கேனில் தெரியாது. மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பெரும்பாலும் மயக்கமே வருவதில்லை.

இந்த ஆட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொண்ட ஒருவருக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். பெயர் டெரக் புகார்ட். 1982-ல் கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்தில் பிறந்தவர், அப்பா போலீஸ்காரர். வயதுக்கு மீறிய உயரம், ஸ்கேட்டிங் சுமார்தான். பதினைந்து வயதில் மெல்ஃபோர்ட் என்ற சிறிய ஊரில் ஒரு மேட்ச். ஆத்திரத்தில் எதிரணிப் பையன்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குள்ளேயே புகுந்து, கைக்கு அகப்பட்டவர்களை எல்லாம் அடித்திருக்கிறான். ரெஜைனா பேட்ஸ் என்ற ஜூனியர் அணிக்காக ஆள் தேடி வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனைத் தங்கள் அணியின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கோலுக்காக இல்லை, அந்த அடிக்காக.

அதன் பிறகு அவருடைய வேலையே அதுதான். அணியின் நட்சத்திர ஆட்டக்காரரை யாராவது முரட்டுத்தனமாக இடித்தால், க்ளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் கையால் சண்டைக்குப் போகும் ஆள். ‘என்ஃபோர்சர்’ என்பார்கள். 2001-ல் மினசோட்டா வைல்ட் அணி அவரை எடுத்தது. என்.ஹெச்.எல். என்ற அந்த உச்ச லீகில் அவர் ஆடியது 277 மேட்ச். போட்ட கோல் மூன்றே மூன்று. பெனால்ட்டியாக வெளியே உட்கார்ந்த நேரம் 589 நிமிடம். ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2010-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் நான்கு ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது.

இதற்கு நடுவே கை, தோள், முதுகு, பல் என்று ஒன்று மாற்றி ஒன்று பழுதாகிக்கொண்டே இருந்தது. ஒரே சீசனில் பல டாக்டர்கள் தனித்தனியாக எழுதிக்கொடுத்த வலி மாத்திரைகள் அவர் கையில் குவிந்தன. மாத்திரை இல்லாமல் முடியாது என்ற நிலை வந்து, சிகிச்சை மையத்துக்கும் போனார். 2010 டிசம்பரில் ஆட்டவாவில் நடந்த ஒரு சண்டையில் முகத்தில் விழுந்த குத்தோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் வெளிச்சம் தாங்காமல் இருட்டு அறையில் கிடந்தார். 2011 மே 13, மினியாபொலிஸ். மதுவும் வலி மாத்திரையும் சேர்ந்து உயிரைக் குடித்துவிட்டன. வயது 28.

அவருடைய மூளையைக் குடும்பத்தார் போஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். ஆன் மெக்கீ என்ற நரம்பு நோய்க்குறியியல் நிபுணர் சோதித்துப் பார்த்தபோது அதில் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கினால், ‘டௌ’ என்ற புரதம் மூளையில் தப்பும் தவறுமாகச் சேர்ந்து, ஞாபகத்தையும் நிதானத்தையும் மெல்ல மெல்ல அரிக்கும் நோய் இது. உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்க இன்றுவரை வழி கிடையாது. 45 வயதில் இறந்த பாப் ப்ரோபர்ட் என்ற இன்னொரு சண்டைக்காரருக்கும் இதே நோய் இருந்தது. அவரைவிட இந்த 28 வயது இளைஞரின் மூளை மோசமாகச் சிதைந்திருந்தது.

சண்டை போடுகிறவனுக்குத்தானே இந்தக் கதி என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். மிசிசாகாவில் வளர்ந்த ஸ்டீவ் மோன்டடோர் தடுப்பாட்டக்காரர். கன்கஷன் மேல் கன்கஷன் வாங்கி ஆட்டத்தை விட்டவர், 2015-ல் 35 வயதில் இறந்தார். அவருக்கும் சி.டி.இ. இருந்தது. போஸ்டன் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இறந்துபோன 77 ஹாக்கி ஆட்டக்காரர்களின் மூளைகளைச் சோதித்தார்கள். ஆடிய ஆண்டு ஒவ்வொன்று கூடும்போதும் இந்த நோய்க்கான வாய்ப்பு 34 சதவீதம் ஏறிக்கொண்டே போகிறது. சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன என்பதால், ஆடுகிற எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வாங்கும் அடிகள் சேர்ந்துகொண்டே போகின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்.ஹெச்.எல். நிர்வாகமோ இந்தத் தொடர்பை ஒப்புக்கொள்ள மறுத்தே வந்திருக்கிறது. 2018-ல் வழக்குப் போட்ட முன்னாள் ஆட்டக்காரர்களோடு சமரசம் செய்துகொண்டபோதும் தன் பக்கம் தவறு இருப்பதாக ஏற்கவில்லை. லீக் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது.

எனக்கு அதிகம் பயம் தருவது முதல் அடி இல்லை, அது ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி. சிட்னி க்ராஸ்பியைத் தெரியாத பிள்ளை கனடாவில் இருக்காது. 2011 ஜனவரி 1-ம் தேதி அவருக்குத் தலையில் இடி. நான்கு நாள் கழித்து அடுத்த மேட்சில் இறங்கினார், மறுபடி இடி. அதன் பிறகு நவம்பர் வரை அவரால் ஆட முடியவில்லை. திரும்பி வந்த சில வாரத்தில் மீண்டும் வெளியே போனார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர், பக்கத்திலேயே டாக்டர்கள், அப்படியும் இது நடந்தது.

வளரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது அடி உயிரையே வாங்கிவிடும். 2013-ல் ஆட்டவாவில் ரக்பி ஆடிய ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு, மூளை வீங்கி இறந்துபோனாள். கடைசி மேட்சுக்கு முன்பு தலைவலியைத் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள், கன்கஷன் என்றால் என்ன என்று போனில் தேடியிருக்கிறாள். அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. அவள் பெயரில்தான் ஒன்டாரியோவில் 2018-ல் ரோவன் சட்டம் வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும், டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ பார்த்துச் சம்மதம் கொடுக்காமல் முழு ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்கிறது அது. ஆண்டுதோறும் பதிவு செய்யும்போது கன்கஷன் பற்றிய கையேட்டைப் படித்துவிட்டதாக உங்களிடம் உறுதி கேட்பதும் இந்தச் சட்டத்தால்தான். தயவுசெய்து படிக்காமல் டிக் போடாதீர்கள்.

பிள்ளை உண்மையைச் சொல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். “ஒண்டும் இல்லை அப்பா, நான் ஓகே” என்றுதான் சொல்வான். அணியில் இடம் போய்விடும் என்று பயம், கோச் என்ன நினைப்பார் என்ற கூச்சம். அவன் வாயைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். காரில் வரும்போது வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறானா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா, இரவில் தூக்கம் கெடுகிறதா? அறிகுறி மறுநாள்கூட வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் தளர்ச்சி, குழறல், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், கழுத்து வலி, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் 911-ஐ அழையுங்கள்.

தலைவலிக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து மேட்சுக்கு அனுப்பும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மாத்திரை வலியை மறைக்கும், காயம் அப்படியே இருக்கும். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, லேசான உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், இடி இல்லாத பயிற்சி என்று படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பள்ளிக்கூடப் பாடம் பழையபடி ஓடிய பிறகுதான் இடிபடும் ஆட்டம்.

சின்ன வயதிலேயே இடித்து ஆடப் பழகினால்தான் மேலே போக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் உடலால் இடிக்க அனுமதித்த ஆல்பர்ட்டாவையும் அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்டு 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆல்பர்ட்டாவில் கன்கஷன் ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல். 2013-ல் ஹாக்கி கனடா அந்த வயதுக்கு நாடு முழுக்கத் தடை போட்டுவிட்டது.

ஒன்டாரியோவில் பிள்ளைகள் அணியின் பெஞ்சில் பயிற்சி பெற்ற ட்ரெய்னர் ஒருவர் இருக்க வேண்டும். அடுத்த பிராக்டிஸுக்குப் போகும்போது அவர் யார் என்று கேட்டு, போன் நம்பரை வாங்கி வையுங்கள். பழைய அடி ஏதாவது இருந்தால் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். அவர் “இன்றைக்கு வேண்டாம்” என்று கைகாட்டினால், அது டோர்னமென்ட் ஃபைனலாகவே இருந்தாலும், ஸ்கேட்டைக் கழற்றச் சொல்லிப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.