ஆப்பிள் ஈ எப்படிப் பிரிகிறது?

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலோசல் பயோசயன்சஸ் நிறுவனம் மூன்று வெள்ளை ஓநாய்க் குட்டிகளைக் காட்டி, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த டயர் ஓநாய் திரும்பி வந்துவிட்டது என்று அறிவித்தது. டைம் இதழ் அதை அட்டையில் போட்டது. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: சாம்பல் ஓநாயின் செல்லை எடுத்து, 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, கருவை நாயின் வயிற்றில் வளர்த்திருக்கிறார்கள். சாம்பல் ஓநாயின் மரபணுத் தொகுதியில் 200 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. டயர் ஓநாயின் வம்சமோ சுமார் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் போய்விட்டது என்று எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ. சொல்கிறது. 20 திருத்தங்களால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. பார்ப்பதற்கு டயர் ஓநாய் மாதிரி இருந்தால் அது டயர் ஓநாய்தான் என்பது நிறுவனத்தின் வாதம். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை.

பார்வையை மட்டும் நம்பினால் பொமரேனியனும் ராஜபாளையமும் வேறு வேறு சிற்றினங்கள் ஆகிவிடும். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் 1942-இல் தந்த வரையறைதான் இன்றும் அதிகம் புழங்குகிறது: தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யும், மற்றவற்றோடு அப்படிச் செய்யாமல் விலகி நிற்கும் கூட்டமே ஒரு சிற்றினம். இதில் ஓட்டைகள் உண்டு. பாக்டீரியாவுக்கு இந்த விதி பொருந்தாது. புதைபடிவங்களை ஜோடி சேர்த்துப் பார்க்க வழியில்லை. நியாண்டர்தால் மனிதர்களின் மரபணுத் துணுக்குகள் நம்மிலும் இருக்கின்றன. ஆனாலும் மையர் சரியான இடத்தில்தான் விரல் வைத்தார். உடலில் என்ன இருக்கிறது என்பதைவிட, யார் யாரோடு கூடுகிறார்கள் என்பதே முக்கியம்.

அப்படியானால் கூடிக்கொண்டிருந்தவர்கள் பிரிவது எப்படி? நடுவில் மலை எழும்பும், கடல் புகும் என்பது பள்ளிப் பாடம். மலையும் கடலும் குறுக்கே வராமல், ஒரே தோட்டத்துக்குள் பிரியும் ஒரு ஈ வட அமெரிக்காவில் இருக்கிறது. ரேகோலெட்டிஸ் பொமொனெல்லா என்பது அதன் பெயர். ஹாதார்ன் என்ற முள்மரத்தின் சிறு சிவப்புப் பழங்களில் வாழ்ந்துவந்த ஈ அது. ஐரோப்பியர்கள் 1600-களில் ஆப்பிளைக் கொண்டுவந்து நட்டார்கள். இரண்டு நூற்றாண்டுகள் ஈ அதைத் தொடவில்லை. 1860-களில் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் ஆப்பிளுக்குள் புழு நெளிந்தது. டார்வினோடு கடிதத் தொடர்பில் இருந்த பூச்சியியலாளர் பெஞ்சமின் வால்ஷ் அப்போதே இங்கே புதிய சிற்றினம் உருவாகலாம் என்று எழுதினார். நூறு ஆண்டுகள் கழித்து கை புஷ் என்ற ஆய்வாளர் அந்த யோசனையைத் தூசி தட்டி எடுத்தபோது, எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் நம்முடைய மையரேதான். வரலாறு இவ்வளவு போதும்.

இந்த ஈக்கு பழம்தான் கல்யாண மண்டபம். ஆண் ஈ பழத்தின் மேல் வந்து காத்திருக்கும். பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, சாந்தி முகூர்த்தம், பிரசவம் எல்லாம் அங்கேயே. பிறந்த புழு பந்தியில் உட்கார்ந்து மண்டபத்தையே தின்று வளரும். பழம் விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிக் குளிர்காலம் முழுக்க உறங்கும். மறு கோடையில் ஈயாக வெளியே வந்ததும் தன் குலத்தார் மணம் முடித்த அதே மண்டபத்தின் வாசனையைத் தேடிப் பறக்கும். இப்போது அதே தெருவில் இரண்டாவது மண்டபம் கட்டியாகிவிட்டது. ஒன்றில் வைகாசியில் மட்டும் முகூர்த்தம், மற்றதில் ஆனியில் மட்டும். விருந்தாளிகளின் ஆயுளோ ஒரு மாதம்தான். ஜாதகம் பொருந்தவில்லை என்று யாரும் தடுக்கவில்லை, குறுக்கே சுவரும் இல்லை. ஆனாலும் வைகாசி வீட்டாரும் ஆனி வீட்டாரும் சம்பந்தம் பேசச் சந்தர்ப்பம் அமைவது அபூர்வம்.

ஆப்பிள் ஹாதார்னைவிட மூன்று நான்கு வாரங்கள் முன்னதாகப் பழுக்கிறது. அந்த மூன்று வாரங்கள்தான் என்னை இந்தக் கதையோடு விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. முன்னதாக விழுந்த ஆப்பிளின் புழு, குளிர் வருவதற்கு முன் மண்ணுக்குள் கூடுதலாகச் சில வாரங்கள் வெயிலின் வெம்மையைத் தாங்க வேண்டும். உறக்கம் லேசாக இருந்தால், கோடை வந்துவிட்டது என்று நம்பி இலையுதிர் காலத்திலேயே எழுந்துவிடும். வெளியே பழமும் இல்லை, துணையும் இல்லை. செத்துப்போகும். ஆக, ஆப்பிளில் பிழைக்க ஆழ்ந்த உறக்கம் வேண்டும். ஆய்வாளர் ஜெஃப்ரி ஃபெடரும் சகாக்களும் ஹாதார்ன் கூட்டுப்புழுக்களைக் குளிருக்கு முன் நீண்ட நாள் கதகதப்பில் வைத்துப் பார்த்தார்கள். பிழைத்து வந்தவற்றின் மரபணுக்கள் ஆப்பிள் ஈயின் பக்கமாகச் சாய்ந்திருந்தன. பிரிவினை நடத்தும் கையை ஆய்வகத்திலேயே பிடித்துவிட்டார்கள்!

வாசனையிலும் இதே கதை. ஆப்பிள் ஈ ஆப்பிள் மணத்தை நோக்கிப் பறக்கிறது, ஹாதார்ன் மணம் பட்டால் விலகுகிறது. ஹாதார்ன் ஈ நேர்மாறாக நடக்கிறது. இரண்டையும் கூண்டில் சேர்த்துவிட்டால் தாராளமாகக் கூடும், பிள்ளைகளும் பிறக்கும். ஆனால் அந்தக் கலப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானவை எந்த மணத்துக்கும் சரியாக வசப்படுவதில்லை.

‘150 ஆண்டில் புதிய சிற்றினம்’ என்று தலைப்புப் போட ஆசைப்படுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தலைமுறைக்கு நூற்றில் நான்கு முதல் ஆறு ஈக்கள் வரை இன்னும் மண்டபம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே ஆய்வாளர்கள் இவற்றைத் தனிச் சிற்றினங்கள் என்று சொல்லாமல், பிரிந்துகொண்டிருக்கும் கிளைகள் என்றே சொல்கிறார்கள். இரண்டாவது, உறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு வேறுபாடுகள் ஆப்பிள் வந்த பிறகு முளைத்தவை அல்ல. மெக்சிகோவின் ஈக் கூட்டங்களிலிருந்து வெகு காலத்துக்கு முன்பே வந்து இவற்றுக்குள் கிடந்தவை. பழைய சரக்கைத்தான் ஆப்பிள் புதிதாகத் தரம் பிரித்தது. இதனால் கண்டுபிடிப்பின் மதிப்பு குறையவில்லை. பரிணாமம் எதை வைத்து இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதல்லவா இதில் தெரிகிறது!

பிரிவு ஈயோடு நிற்கவில்லை. ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டு வாழும் டயகாஸ்மா அலோயம் என்ற குளவி இருக்கிறது. இரை எப்போது எங்கே கிடைக்கிறதோ அதற்கேற்பத்தான் அதுவும் தன் உறக்கத்தையும் மோப்பத்தையும் வகுத்துக்கொள்ள வேண்டும். 2009-இல் வெளியான ஆய்வில், ஆப்பிளைத் தேடும் குளவியும் ஹாதார்னைத் தேடும் குளவியும் விலகத் தொடங்கியிருப்பது தெரியவந்தது. 2015-இல் இன்னும் இரண்டு வகைக் குளவிகளிலும் அதே விலகலைக் கண்டார்கள்.