கடைசித் தவணைக்குப் பிறகு



தவணைக்குக் கார் எடுக்கும்போது யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. தவணை முடியும் நேரத்தில் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. சில நாடுகளில் காரைக் குத்தகைக்கு எடுத்து, காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும் வழக்கம் அதிகம். நம் தோட்டங்களுக்குக் கார் வரும் வழி வேறு. அது 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் வருவது. ‘சேவா பெலி’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: முதலில் வாடகை, பிறகுதான் கொள்முதல். கடைசிக் காசு கட்டும்வரை கார் வங்கியினுடையது. கிராண்டில் நம் பெயர் இருந்தாலும், வங்கியின் உரிமைக் கோரலும் பதிவில் இருக்கும்.

ஆகவே, கடைசித் தவணையைக் கட்டியதும் வங்கியிடம் கடன் தீர்ந்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். உரிமைக் கோரல் நீங்கிவிட்டதா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது வங்கியின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வருவதுதான் பெரிய கேள்வி: காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? ஒரு கணக்குப் போடுவோம். நாற்பதாயிரம் வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி, ஒன்பது ஆண்டுகள். வட்டி மட்டும் 12,600 வெள்ளி. மொத்தம் 52,600 வெள்ளியை 108 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 487 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் காருக்கே போயிருக்கிறது. தவணை முடிந்த மாதத்திலிருந்து அந்தப் பணம் வீட்டில் தங்கும். பழைய காருக்குப் பழுதுச் செலவு வரும், உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு ஈராயிரம் வெள்ளி பழுதுக்குப் போனாலும், பன்னிரண்டு தவணைகளின் கூட்டுத்தொகையான 5,844 வெள்ளியில் பாதிகூட ஆகாது. இயந்திரமும் அடித்தட்டும் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கிறது என்பது ஒரு காரணமாகாது. அடித்தட்டு துருப்பிடித்து, பிள்ளைகளை ஏற்றிச் செல்லவே பயமாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள்.

கடன் முடியுமுன்பே காரை விட்டுவிட நினைப்பவர்கள் ‘சம்புங் பாயார்’ என்ற வலையில் விழுகிறார்கள். அதாவது, முன்பணமாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மீதித் தவணையை நீயே கட்டு என்று காரை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. அவர் நான்கு மாதம் கட்டிவிட்டுத் தலைமறைவானால் வங்கி உங்களைத்தான் தேடி வரும். சம்மனும் உங்கள் பெயருக்கே வரும். காரோ எந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாது. சட்டமே நேர்வழிகளைத் தந்திருக்கிறது. வங்கியின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். தகுந்த காரணமின்றி வங்கி மறுக்கக்கூடாது. மீதியை மொத்தமாகக் கட்டி முன்கூட்டியே முடிக்கலாம். அப்படி முடித்தால் வட்டியில் ஒரு பகுதி கழிக்கப்படும். எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கடைசிக் கட்டத்தில் கையில் பணமில்லாமல் போனாலும் பதற வேண்டாம். தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகும், 21 நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்தபின்பே காரை எடுக்க முடியும். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இறந்துவிட்டால் தொடர்ந்து நான்கு தவணை தவறும்வரை காரை எடுக்க முடியாது. இதை வீட்டுப் பெண்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னிலாவது போட்டு வையுங்கள். எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்று சண்டை வரும் நாளில் அவைதான் பேசும்.