தனிக் குடும்பம் ஏன் கலைந்தது?

காட்டுச் சருகுக்கு அடியில், எறும்பென்றே எண்ணத் தோன்றும் உருவில், பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஸ்கிட்மேனிடே வண்டுகளை 1815இல் விலங்கியலாளர் லீச் தனிக் குடும்பமாக வகுத்தார். 2009இல் வண்டு ஆய்வாளர்கள் கிரெபென்னிகோவும் நியூட்டனும் அதைக் கலைத்து, ஸ்டாஃபிலினிடே என்ற வண்டுக் குடும்பத்தின் துணைக்குடும்பமாக்கினார்கள். புழுப்பருவத்தின் உடலமைப்பையும் வளர்ந்த வண்டின் உடலமைப்பையும் சேர்த்து ஒப்பிட்டபோது, இவை ஸ்டாஃபிலினிடே என்ற பெருமரத்தின் பக்கத்தில் அல்ல, ஸ்டெனினே முதலிய கிளைகளுக்கு நெருக்கமாக, அதற்குள்ளேயே முளைத்திருந்தன. உள்ளே முளைத்த கிளையை வெளியே நிறுத்தினால், மிச்சமிருப்பது, ஒரு குடும்பம் இருக்க வேண்டியபடி, ஒரே மூதாதையின் முழு வாரிசாக இருக்காது.

ஸ்டாஃபிலினிடேக்குப் பெரும்பாலும் முன்சிறகு குட்டை, வயிறு வெளியே தெரியும். இவற்றுக்கோ வயிறு முழுதும் மூடியிருக்கிறதே என்று கேட்கலாம். கண்ணுக்குப் பளிச்சென்று படுவது உறவுக்குச் சான்றாகிவிடாது. சிறகின் நீளம் பரிணாமத்தில் மாறக்கூடியது. ஸ்டாஃபிலினிடேயின் மற்றொரு துணைக்குடும்பமான ஓமலியினேயிலும் நீண்ட முன்சிறகுள்ளவை உண்டு. பழகிய பெயர் போகிறதே என்பது இன்னும் நியாயமான மறுப்பு. ஆனால் அதைக் காப்பாற்ற ஸ்டாஃபிலினிடேயையே பல குடும்பங்களாக உடைக்க வேண்டும். அப்போது இழக்கும் பெயர்கள்தான் அதிகம்! பிற்பாடு வந்த மரபணு ஆய்வும் இவற்றை உள்ளேயே வைத்தது.