தலைநகர் மாறினாலும்...

ஓய்வுபெற்ற பின், எங்கள் குமரி மாவட்டத்தில் தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் குடும்பத்துடன் பார்த்துவந்தேன். ரயில்வேயில் இரும்போடு காலம் கழித்த எனக்கு அங்குள்ள மரவேலை பெருவியப்பு. எடைக்கட்டிகளால் இயங்கும் மணிக்கூண்டுக் கடிகாரத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

திருவிதாங்கூரின் தலைநகர் 1795-இல் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956-இல் இவ்வூர் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம். ஆயினும் நவராத்திரிதோறும், கம்பர் பூஜித்ததாகச் சொல்லப்படும் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் மன்னரின் உடைவாளுடன் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் சென்று, விழா முடிந்து திரும்புகிறார்கள்.

இதைச் சொன்னதும் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பேரன் கேட்டான்: "சாமி திரும்பி வந்துடுமா தாத்தா?"

"வருஷா வருஷம் வந்துடும்டா. நாமதான் வர்றதில்லை."

அடுத்த நவராத்திரிக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.